ஒரு சி லைப்ரரியும் பல கம்பைலர்களும்: நாட்குறிப்பு

ஜூன் 9, 2025

ஜிசிசி என்ற கம்பைலரின் 15-ஆம் பதிப்பில் எங்கள் சி லைப்ரரி கம்பைல் ஆகவில்லை என்று புகார். எதிர்பார்த்ததுதான். மொழியின் எந்தத் தரம் (விதிப் பதிப்பு) என்று நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜிசிசி இதுவரை சி17 என்று எடுத்துக்கொண்டது, 15-இலிருந்து அதைவிடப் புதிய சி23. அதில் ஆம்/இல்லை மதிப்புக்கான பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள், வேறு எதற்கும் பெயராக வைக்க முடியாது. லைப்ரரியைப் பயன்படுத்துவோர் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் எங்கள் ஹெட்டர் ஃபைலிலோ, சி89 காலத்து வழக்கப்படி 'டைப்டெஃப் இன்ட் பூல்' என்று, இன்ட் என்ற முழு எண் வகைக்கு பூல் என்று பெயர் வைக்கும் ஒரு வரி கிடக்கிறது.

பில்டுக்கான கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் சி99 என்று ஒரு ஆப்ஷன் போட்டால் போதாதா என்று கேட்டார்கள். எங்கள் பில்டுக்குப் போதும். ஆனால் அந்த ஹெட்டரை இன்க்ளூட் செய்பவர் தன் புரோகிராமை எந்தத் தரத்தில் கம்பைல் செய்வார் என்பது நம் கையில் இல்லையே.

அப்படியானால் உண்மையான பூலையே வைத்துவிடலாமா? அங்கேதான் வம்பு. இன்ட் பெரும்பாலும் 4 பைட், பூல் 1 பைட். பல உறுப்புகளை அடுத்தடுத்து வைக்கும், வெளியே தெரியும் ஸ்ட்ரக்ட் ஒன்றில் இந்த வகை இருக்கிறது. அளவு மாறினால் பின்னால் உள்ள உறுப்புகள் இடம் நகரும். ஏற்கெனவே கம்பைல் ஆன புரோகிராம், புதிய லைப்ரரியோடு சேர்ந்து, ஒரு வார்னிங்கும் இல்லாமல் குப்பையைப் படிக்கும். ஆகவே இன்ட் இன்ட்டாகவே இருக்கட்டும். பெயருக்கு மட்டும் லைப்ரரியின் முன்னொட்டைச் சேர்த்தாயிற்று.

ஜூன் 10

சி23-இன் இன்னொரு வேலை: ஃபங்ஷன் அறிவிப்பில் வரும் வெற்று அடைப்புக்குறி. முன்பு அதற்கு 'என்ன ஆர்க்யுமென்ட் என்று சொல்லவில்லை' என்று பொருள். இப்போது 'ஆர்க்யுமென்ட்டே கிடையாது'. கால்பேக்குகளை (லைப்ரரி திரும்ப அழைப்பதற்காகக் கொடுக்கும் ஃபங்ஷன்களை) அப்படி அறிவித்திருந்த இடமெல்லாம் எரர். ஆர்க்யுமென்ட் வகைகளோடு முழு புரோட்டோடைப் எழுதியதும் சரியாகிவிட்டது.

ஜூன் 12

பெருக்கலில் ஓவர்ஃப்ளோ (விடை வகையின் அளவை மீறுவது) பார்க்கும் பில்டின், அதாவது கம்பைலரிலேயே உள்ளமைந்த ஃபங்ஷன், ஜிசிசி 5 முதல் உண்டு. பழைய கோடு 'ஜிசிசி 5 அல்லது மேல்' என்றே சோதிக்கிறது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரோ தன்னை ஜிசிசி 4.2.1 என்று சொல்லிக்கொள்ளும். விளைவு, பில்டின் கையில் இருந்தும் கிளாங்கில் மெதுவான வழிதான் ஓடுகிறது. கிளாங்கின் எண்ணையும் சேர்த்துச் சோதிக்கலாம் என்றால், ஆப்பிள் தரும் கிளாங்கின் எண் வரிசை தனி.

அதனால் எண்ணைக் கேட்காமல், 'இந்த பில்டின் இருக்கிறதா' என்று கம்பைலரே பதில் தரும் ஹேஸ்-பில்டின் வழியாகவே கேட்பது மேல். ஆனால் ஜிசிசிக்கு அது 10-இல்தான் வந்தது. 5 முதல் 9 வரை உள்ளவற்றுக்காகப் பழைய எண் சோதனையும் கூடவே இருக்க வேண்டும்.

இன்னொன்று. 'ஹேஸ்-பில்டின் டிஃபைன் ஆகியிருந்து, அதன் விடையும் ஆம் என்றால்' என்று ஒரே இஃப் வரியில் எழுதக்கூடாது. அதை அறியாத கம்பைலரும் வரி முழுவதையும் படித்தாக வேண்டும். பெயரை 0 ஆக்கி, அடுத்து வரும் அடைப்புக்குறியில் தடுக்கி விழும். வெளியே ஒரு இஃப், உள்ளே இன்னொன்று. பார்க்க அசிங்கம்தான், வேறு வழியில்லை.

ஜூன் 16

மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ 2013. இதில், பஃபரின் அளவை மீறாமல் எழுத்துகளை எழுதித் தரும் எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷன் கிடையாது. அடிக்கோட்டில் தொடங்கும் அதன் பழைய உறவினர் மட்டும் உண்டு. மேக்ரோ போட்டு ஒன்றை மற்றொன்றாக்கும் யோசனை யாருக்கும் முதலில் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. 8 பைட் பஃபரில் 'ஏபிசிடிஇஎஃப்ஜிஎச்ஐ' என்ற 9 எழுத்தை எழுதச் சொன்னால், சி99-இன் ஃபங்ஷன் 7 எழுத்தையும், முடிவைக் காட்டும் பூஜ்யத்தையும் வைத்து, தேவைப்பட்ட மொத்த எழுத்து எண்ணிக்கையான 9 என்று திருப்பித் தரும். பழையது 8 எழுத்தையும் அடைத்து, பூஜ்யம் வைக்காமல், ஒரு மைனஸ் எண்ணைத் தரும். அந்த 9-ஐ நம்பி மெமரி ஒதுக்கும் கோடு எங்களிடம் நிறைய இருக்கிறது.

2015 பதிப்பில் சரியானது வந்துவிட்டது. ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று, கம்பைலுக்கு முன் இஃப் வரிகளைப் பார்க்கும் ப்ரீபிராசஸரால் கேட்க முடியாது என்பதால் இங்கே எண் சோதனைதான்: 2015-இன் கம்பைலர் எண்ணான 1900-க்குக் கீழே என்றால் எங்கள் சொந்த மாற்று. காரணத்தையும் கமென்ட்டில் எழுதிவைத்தேன். இல்லாவிட்டால் யாராவது 'சுத்தம்' செய்துவிடுவார்கள்.

ஜூன் 19

கம்பைல் ஆகாதது நல்ல வியாதி, கண்ணுக்குத் தெரியும். இன்றையது தெரியாத வகை. ஜிசிசி 14 முதல், அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் வார்னிங் இல்லை, எரர். பில்டுக்கு முன் மெஷினில் என்ன வசதிகள் உண்டு என்று சின்னச் சின்ன கோடுகளைக் கம்பைல் செய்து பார்க்கும் எங்கள் கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் சோதனைத் துணுக்கு ஒன்றில் ஹெட்டர் இன்க்ளூட் விட்டுப்போயிருக்கிறது. துணுக்கு தோற்கிறது, ஸ்கிரிப்ட் 'அந்த வசதி இங்கே இல்லை' என்று முடிவுகட்டி, மாற்று வழியோடு பில்டை அமைதியாக முடித்துவிடுகிறது. டெஸ்ட்டெல்லாம் பாஸ்!

துணுக்கைத் திருத்தினேன். அப்புறம், ஒரே மெஷினில் ஜிசிசி 13, 14 இரண்டாலும் கான்ஃபிகர் ஓட்டி, உருவாகும் ஹெட்டர்களில் வித்தியாசம் இருந்தால் பில்டையே நிறுத்தும்படி, பில்டையும் டெஸ்ட்டையும் தானாக ஓட்டும் சிஐ-யில் ஒரு படியும் சேர்த்திருக்கிறேன்.