அம்பாசமுத்திரத்தில் ஆமை தேடி: முதுகு, மூக்கு, நானூறு ரூபாய்

ஆமை பார்க்க அம்பாசமுத்திரம் போனேன் என்றதும் அம்மா "ஆமை புகுந்த வீடும்..." என்று ஆரம்பித்துவிட்டார். நான் எதையும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, போட்டோவோடு மட்டும்தான் வந்தேன். திரும்பிவந்து இரண்டு நாள்தான் ஆகிறது, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து பஸ். தொள்ளாயிரத்தைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, சாயாத சீட்டைக் கொடுத்தார்கள். கேட்டால் "விழுப்புரம் தாண்டினா சரியாயிடும் சார்" என்றார் கண்டக்டர். விழுப்புரத்துக்கும் சீட்டின் லீவருக்கும் என்ன சம்பந்தம்? திருநெல்வேலி வரை நிமிர்ந்து உட்கார்ந்தே வந்தேன். இரண்டு நாளுக்கு மொத்த பட்ஜெட்டே நாலாயிரம், அதில் கால்வாசி இந்த முதுகுவலிக்கே போய்விட்டது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணிப் படித்துறையில் காலை ஏழு மணிக்கே போய் நின்றது என் முட்டாள்தனம். ஆமைக்கு உடம்பில் சூடு ஏறினால்தான் வேலை, வெயில் வராமல் அது ஏன் வெளியே வரப்போகிறது? ஒன்பது மணிக்கு மேல்தான் நடு ஆற்றுப் பாறைகளில் கருப்புப் புடைப்புகள் முளைத்தன. பைனாகுலரில் பார்த்தால் நாலு கருப்பு ஆமை (இனத்தின் பெயரே அதுதான்), கழுத்தை நீட்டிக் காய்ந்துகொண்டிருக்கின்றன! இதற்கு அடையாளம் முதுகுதான். கெட்டியான ஓடு, அதன்மேல் தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் மூன்று வரம்பு, வயல் வரப்பு மாதிரி மேடாக. நிறத்தை நம்பாதீர்கள், பாசி பிடித்தால் எல்லா ஆமையும் ஒரே நிறம்தான். ஒன்று பாறையில் சறுக்கியபோது வயிற்றுப்பக்கம் தெரிந்தது: கருப்பு, ஓரத்தில் மட்டும் மஞ்சள் கரை. இன்னும் கிட்டப் போகலாம் என்று ஒரே ஒரு படி இறங்கினேன், நாலும் பொதக் பொதக்கென்று தண்ணீருக்குள். அப்புறம் இருபது நிமிடம் அசையாமல் நின்ற பிறகுதான் ஒன்று திரும்ப ஏறியது.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி, "மணி பன்னெண்டாவுது, இன்னும் ஆமயத்தான் பாக்கியளா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கோயில் குளத்தில் கலர் ஆமை இருக்கிறது என்று கைகாட்டினார். ஓடினேன். போய்ப் பார்த்தால், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, கழுத்தெல்லாம் மஞ்சள் கோடு. வெளிநாட்டுச் செங்காது ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஜீவன், மீன்தொட்டிக் கடையில் குட்டியாக வாங்குகிறார்கள், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் புண்ணியம் என்று குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அது நம்மூர் ஆமையோடு இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டி போடும். இதில் என்ன புண்ணியம் இருக்கிறது? நட்சத்திர ஆமையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவது இன்னும் மோசம். அது தரையில் வாழ்வது, காலைப் பார்த்தாலே தெரியும், யானைக்கால் மாதிரி தூணாக இருக்கும், விரலிடையில் சவ்வு கிடையாது. ஆழத்தில் விட்டால் மூழ்கிச் சாகும்.

கோபத்தில் பசி ஏறிவிட்டது. தெருமுனையில் ஒரு வீட்டு மெஸ்ஸில் சொதி! தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளையும் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாட்டை நூற்றிருபது ரூபாய்க்கு நான் சாப்பிட்டேன். மூன்று தடவை சோறு வாங்கினேன், அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆமையே தெரியாவிட்டாலும் இதற்காகவே இன்னொரு தடவை அந்த பஸ்ஸில் ஏறுவேன்.

மதியம் வயல்காட்டுக் குளத்துக்கு ஆட்டோ. போய்வர இருநூற்றைம்பது என்று பேச்சு. குளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் முதுகு எதுவும் தெரியவில்லை. ஆனால் தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு மூக்கு வந்து வந்து போனது. பன்றி மூக்கு மாதிரி, நுனியில் குட்டிக் குழாய். இப்படி மூக்கு இருந்தால் அது பாலாமை. கருப்பு ஆமைக்கு இந்தக் குழாய் இருக்காது, மொட்டை மூக்குதான். மூக்கை மட்டும் பார்த்ததை ஆமை பார்த்த கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

பாதி வழியில் ஆட்டோக்காரர் சடக்கென்று பிரேக் போட்டார். ரோட்டின் நடுவில் ஒரு முழுப் பாலாமை. ஓடு என்றே சொல்ல முடியாது, தோல் போர்த்திய தோசைக்கல், வரம்பும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஆளைக் கண்டதும் பின்னங்காலை உள்ளே இழுத்து, வயிற்றுப்பக்க ஓட்டின் மடிப்பால் கதவு மாதிரி மூடிக்கொண்டது. நான் கை நீட்டினேன், "தொடாதிய, கழுத்து நீளம், திரும்பிக் கடிச்சிரும்" என்றவர் துண்டைப் போட்டுப் பின்பக்கமாகத் தூக்கி, அது போய்க்கொண்டிருந்த பக்கமே வயலோரத்தில் விட்டார். "வந்த பக்கம் விட்டா திரும்பியும் ரோட்டுக்குத்தான் வரும். முன்னெல்லாம் பிடிச்சுக் கறி வைப்பாவ, இப்ப வீட்ல வச்சிருந்தாலே கேஸு."

எனக்குக் கண்கலங்காத குறை. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அதே மனுசன் நானூறு கேட்டார். வெயிட்டிங்காம். கையில் மிச்சம் இருந்ததே ஆயிரத்து நூறு. கொடுத்துவிட்டேன். ஆமையைத் தூக்கி விட்டதற்கு என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகவே கொடுத்திருப்பேன், வெயிட்டிங்குக்கு நூற்றைம்பது என்பதை மட்டும் இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.