வட்டத்தில் பாதி கடல்

வானொலிக்கு விளம்பரம் பிடிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, நன்றாகப் பேசத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் இந்த வேலையைச் செய்ய அதைவிட முக்கியமாக வேண்டியது ஒரு காலண்டர். அதில் அமாவாசை, நோன்பு மாதம், மீன்பிடித் தடைக்காலம் எல்லாம் குறித்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் அறிமுகமில்லாத கடைக்குப் போன் போட்டால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் "அப்புறம் கூப்பிடும்மா" என்பதோடு முடிந்துவிடும். கோல்டு கால் என்று எங்கள் தொழிலில் சொல்லும் அந்த முதல் அழைப்பில் பாதி வேலை, எண்ணை அழுத்துவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனி என்று அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரைக்கு வரும். படகு கிளம்பும் நாளில் வலைக்கடைக்கோ என்ஜின் சாமான் கடைக்கோ போன் போடுவது அவர்களுக்குத் தொந்தரவு. படகு வந்து, மீன் எடை போட்டு, பட்டுவாடா முடிந்த மதியத்துக்கு மேல்தான் ஒரு மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவார். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், பெருநாள் விளம்பரத்தை நோன்பு தொடங்கும் முன்பே பேசி முடிப்பது. கடைசி வாரத்தில் ஜவுளிக்கடைக்காரருக்குத் தண்ணீர் குடிக்கவே நேரம் இருக்காது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் நெருங்கினால் ராமேசுவரம், தேவிபட்டினம் கடைகளுக்கு நான் போன் போடுவதேயில்லை.

இப்போது தெரியாத எண் வந்தாலே கடன் கொடுக்கிற கம்பெனி என்று நினைத்துத் துண்டித்துவிடுகிறார்கள். அதனால் என் பெயருக்கு முன்னால் ஊரைச் சொல்லிவிடுவேன். "அண்ணே, உச்சிப்புளியிலேர்ந்து பேசுறேன், ரேடியோவுக்காக." ஊர் காதில் விழுந்ததும் மறுமுனையில் குரல் மாறும். உச்சிப்புளியில் எந்தப் பக்கம், யார் வீடு என்று விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். சரக்கை வாங்குவதற்கு முன்னால் ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள், அதில் தப்பே இல்லை.

அடுத்த கேள்வி, "எந்த ரேடியோ?" பாம்பன் பக்கம் என்றால் 2016இல் அங்கே மீனவர்களுக்காகத் தொடங்கிய கடலோசையைச் சொல்லிக் கேட்பார்கள். வயதானவர்களுக்கோ ரேடியோ என்றாலே இலங்கை வானொலிதான். ஆகாசவாணி 1967இல்தான் வர்த்தக விளம்பரத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே இந்தக் கரையில் இலங்கை ஒலிபரப்பில் விளம்பரம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். விளம்பரம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "அந்த மாதிரி அழகா உச்சரிப்பீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அது நியாயமான நிபந்தனை.

நான் விற்பது ஒரு சமுதாய வானொலியின், அதாவது சுற்றுவட்டார மக்களுக்காக நடக்கும் சின்ன நிலையத்தின், விளம்பர நேரம். 100 வாட் அளவுக்குத்தான் அனுமதி. ஒலிபரப்புக் கோபுரத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும். கடற்கரையில் நிலையம் இருந்தால் அந்த வட்டத்தில் பாதி தண்ணீர். விற்பனைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மறைக்கப் பார்ப்பார்கள். நான் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவேன். ஏனென்றால் யாருக்கு இந்த ரேடியோ பயன்படும், யாருக்குப் படாது என்பதை அந்தப் பாதிதான் தீர்மானிக்கிறது. மலையோ கட்டடமோ குறுக்கே இல்லாததால் எஃப்எம் அலை கடல்மேல் நன்றாகப் போகும். இலங்கை நிலையங்கள் நம் கரையில் கேட்பதும் அதனால்தான். நகைக்கடைக்காரருக்கு அந்தத் தண்ணீரால் லாபம் இல்லை. படகுக்குச் சாமான் விற்கிறவருக்கோ வாடிக்கையாளர் நிற்கும் இடமே அதுதான்.

மண்டபத்தில் ஒரு பெயின்ட் கடை. மார்ச் மாதம் கூப்பிட்டேன். "இன்னும் கொஞ்ச நாள்ல தடைக்காலம் வந்துரும், யாரு கையிலயும் காசு இருக்காது, இப்பப் போய் விளம்பரமா?" என்றார்.

"தடைக்காலத்துல உங்க கடையில யாவாரம் எப்படிண்ணே இருக்கும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்கு அப்பத்தான்மா சீசனே" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, என்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். வலையும் அப்போதுதான் சீராகும். ஊரெல்லாம் காசு இல்லை என்று புலம்பும்போது ஒரு சில கடைகளில் கூட்டம் நிற்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஊர்ப் பேச்சைத்தான் தன் பேச்சாகச் சொல்லிவிட்டார். அவருடைய கணக்கை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் கேள்வி ஒன்று இருந்தால் போதும், ரேட் கார்டு, அதாவது எங்கள் கட்டணப் பட்டியல், தானாகவே பேச்சில் வந்துவிடும். பத்து நொடிக்கு எழுதினோம்: "படகு கரையேறியாச்சா? பெயின்ட், பைபர், பிளைவுட் எல்லாம் ஒரே இடத்துல. மண்டபம் பஸ் ஸ்டாண்ட் பக்கம்." கடைசியில் கடையின் பெயர். பின்னணி இசை வேண்டாம் என்றேன். படகில் என்ஜின் சத்தத்துக்கு நடுவே கேட்கிறவருக்கு, இசை சொற்களைத் தின்றுவிடும்.

ராமேசுவரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் நான் விற்பதில்லை. அவர்களிடம் தங்க வருகிறவர் ரயிலில் வடக்கேயிருந்து வருகிறார். நம் ரேடியோ அவர் காதில் விழும்போது அறை எடுத்து முடித்திருப்பார். எங்கள் அலுவலகத்தில் இதைப் பற்றி வாக்குவாதம் வந்ததுண்டு. வருகிற பணத்தை ஏன் விட வேண்டும் என்பார்கள். பலன் தராத விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் அடுத்த டீக்கடையில் அதைப் பற்றிப் பேசத்தான் போகிறார். இது சின்ன ஊர்.

2024இல் சமுதாய வானொலிகளுக்கு ஒரு மணி நேரத்தில் 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை மத்திய அரசு 12 நிமிடமாக உயர்த்தியது. அரசு விளம்பரங்களுக்கான கட்டணமும் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. நேரம் கூடியதும் பெரிய கடைகளைத் துரத்த வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. எனக்கு ஞாபகம் வந்தது கீழக்கரையில் வீட்டிலேயே தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கும் ஓர் அக்கா. மகளிர் குழுப் பட்டியலில் எண் பார்த்துக் கூப்பிட்டிருந்தேன். தேங்காய்ப்பால், கருப்பட்டி, எத்தனை மணி நேரம் துடுப்பை நிறுத்தாமல் கிண்ட வேண்டும் என்று ஆசையாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "கல்யாண சீசன்ல ரெண்டு நாளு மட்டும் போட்டா எவ்வளவும்மா?"

எங்களிடம் ரெண்டு நாள் திட்டம் இல்லை. எல்லாமே மாதக் கணக்கு. மாதம் முழுக்க விளம்பரம் செய்யும் அளவுக்கு அவரிடம் அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எங்கள் வட்டத்தின் நிலப் பாதிக்குள்தான் இருப்பார்கள். இதைவிடப் பொருத்தமான விளம்பரதாரர் எங்களுக்குக் கிடைக்கமாட்டார். கருவாடு விற்கிறவர்கள், பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள் நிலையும் இதுதான்.

கூடிய 5 நிமிடத்தில் ஒரு நிமிடத்தையாவது நாள் கணக்கில், பத்துப் பத்து நொடியாக இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று நிலையத்தில் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் போடும் வேலை கூடும் என்கிறார்கள். அந்த பில்லை நானே போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முடிவு தெரிந்ததும் முதலில் அந்த அக்காவுக்குத்தான் கூப்பிட வேண்டும், துடுப்பு கையில் இல்லாத நேரமாகப் பார்த்து.