தோற்ற இரவும் முதல் ரஷ்ஷரும்

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஹாக்கி பற்றி ஒரு நினைவுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். பள்ளி அணி வாங்கிய கோப்பைகளைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். மட்டை பிடித்துப் பழகிய நமக்கெல்லாம் அந்த மைதானம் கொடுத்த பெரிய சொத்து, ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த கண். 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் ஜெர்மனியிடம் இந்தியா 2-3 என்று தோற்ற இரவில், அந்தக் கண்ணை நம்மவர்களே மூடிக்கொண்டதுதான் வருத்தம். "பத்துக்கு மேல் பெனால்டி கார்னர் கிடைத்தும் இரண்டே கோலா? ஹர்மன்பிரீத்துக்கு என்ன ஆயிற்று?" என்பதே எல்லார் வாயிலும். ஹர்மன்பிரீத் அணியின் தலைவர், கார்னரில் கோலுக்குப் பந்தை விடுபவர்.

கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்தை 'வட்டம்' என்போம். அதற்குள் தடுக்கும் அணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். அதில் ஃபிளிக் செய்பவர், அதாவது பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்கு வீசுபவர், மூன்றாவது ஆள். அவருக்கு முன்னால் இரண்டு பேர் வேலை முடித்திருக்க வேண்டும். கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்தை வைத்து ஒருவர் தள்ளிவிடுகிறார். வட்டத்துக்கு வெளியே ஒருவர் மட்டையைத் தரையோடு சாய்த்து அதை நிறுத்துகிறார். பந்து வட்டத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகே கோலுக்கு அடிக்கலாம் என்பது விதி. நிறுத்திய பந்தை ஃபிளிக்கர் மட்டையின் தண்டில் ஏந்தி, உள்ளே இழுத்து, உடம்பையே முறுக்கி விடுகிறார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு விநாடி.

தள்ளிய பந்து லேசாகத் துள்ளினால் நிறுத்துபவரின் மட்டையில் பட்டு ஒரு சாண் நகரும். அந்த ஒரு சாணுக்காக ஃபிளிக்கர் காலடியை மாற்ற வேண்டும். அதற்குள் எதிரணியின் முதல் ரஷ்ஷர், அதாவது ஃபிளிக்கரைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓடிவருபவர், இரண்டு எட்டு கூடுதலாக வந்துவிடுவார். பார்க்கிறவருக்கு ஃபிளிக் ரஷ்ஷரின் மட்டையில் பட்டது மட்டுமே தெரியும். சரளை மண்ணில் ஆடிய நமக்குப் பந்தை நிறுத்துவதுதான் எவ்வளவு பெரிய பாடு என்பது மறந்திருக்காது. தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து நேராக வரும், உண்மைதான். ஆனால் வேகமும் அதற்கேற்றபடி கூடும்.

தடுக்கும் பக்கத்தைக் கவனியுங்கள். கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து தள்ளப்பட்ட கணத்தில் முதல் ரஷ்ஷர் முகக்கவசத்தோடும் முழங்கால் காப்போடும் ஃபிளிக்கரை நோக்கி நேராக ஓடுகிறார். கோலின் ஒரு பக்கத்தை அவர் மறைத்தால் மறுபக்கத்தைக் கீப்பர் பார்த்துக்கொள்வார் என்பது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். ஐந்து மீட்டருக்குள் இருக்கும் ரஷ்ஷரின் முழங்காலுக்குக் கீழே முதல் ஷாட் பட்டால் இன்னொரு பெனால்டி கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அது ஆபத்தான ஷாட், தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். "பந்து உயரமாகப் போனது, நடுவர் கண் எங்கே?" என்று கத்துவதும் பல நேரம் வீண். கோலின் அடிப்பலகையின் உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேலே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டையை வீசி அடிக்கும் முதல் ஷாட்டுக்குத்தான். ஃபிளிக்குக்கு அது கிடையாது.

இந்திய அணியில் முதல் ரஷ்ஷர் அமித் ரோஹிதாஸ். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனோடு நடந்த காலிறுதியில் 17ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். அந்த வெற்றிக் களிப்பில் விலையை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஓர் ஆட்டத் தடையால் அரையிறுதியில் அமித் இல்லை. அணியில் 15 பேர்தான். ஆட்டம் நிற்காமலே மாற்றி மாற்றி ஆள் இறக்குகிற இன்றைய ஹாக்கியில் பெஞ்சில் ஒருவர் குறைவது நான்காவது குவார்ட்டரில் கால்களில் தெரியும். இரண்டு நாள் முன்னால் அத்தனை நேரம் ஓர் ஆள் குறைவாக ஓடிய கால்கள் அவை.

அமித் ஃபிளிக்கும் செய்வார். அவர் இல்லாதபோது ஹர்மன்பிரீத் ஒருவரையே குறிவைத்து ஓடலாம் என்பது எதிரணிக்கு எத்தனை நிம்மதி! அப்படியிருந்தும் 7ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் கார்னரில் கோல் போட்டார். 36இல் அவர் விட்ட பந்தைச் சுக்ஜீத் திசைமாற்றிச் சமன் செய்தார். நடுவில் 18ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் பெய்லாட் போட்டது கார்னர் கோல். நம் முதல் ரஷ்ஷர் வழக்கமாகத் தடுக்கும் இடம் அதுதான். 2016இல் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வென்ற பிறகு ஜெர்மனிக்கு மாறியவர் பெய்லாட். 27இல் ரூயர் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல், கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் ஷாட் அது. 54இல் மில்ட்காவ் போட்ட கோலோடு முடிந்தது. அமித் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோல்விக்கு ஒரே ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

2021இல் டோக்கியோ அரையிறுதியையும் இதே கண்ணால் பாருங்கள். பெல்ஜியத்தோடு மூன்று குவார்ட்டர் முடிந்தபோது 2-2. முடிவு 2-5. கடைசி கோலை வைத்துப் பின்காப்பைத் திட்டினார்கள். சமன் செய்யக் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும் என்று கோல் கீப்பர் ஸ்ரீஜேஷை வெளியே எடுத்திருந்தார்கள், காலிக் கோலில் விழுந்தது அது. தோல்வியின் வேர் அங்கே இல்லை. பெல்ஜியத்துக்குக் கொடுத்த பெனால்டி கார்னர்கள் 14. வட்டத்துக்குள் காலில் பந்து வாங்கும் தவறைச் செய்து செய்து, ஹென்ட்ரிக்ஸ் போன்ற ஃபிளிக்கருக்குத் திரும்பத் திரும்ப வாய்ப்புக் கொடுத்தால் யாரால் தாங்க முடியும்? அவர் மட்டும் மூன்று கோல்.

1928 முதல் தொடர்ந்து ஆறு தங்கம் வாங்கிய அணி 1960இல் ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றதைச் சொல்லிச் சொல்லி நம் மூத்தவர்கள் மாய்ந்ததுண்டு. அந்த வலி பரம்பரையாக நமக்கும் வந்திருக்கிறது. வலிக்கட்டும், ஆட்டத்தை நேசிக்கிறவருக்கு வலிக்கத்தான் செய்யும். வசவு வேறு.

பாரிஸில் இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, வெண்கலத்துக்காக ஸ்பெயினோடு ஆட்டம். பெனால்டி கார்னரில் அதே ஹர்மன்பிரீத், 30ஆவது நிமிடத்தில் ஒன்று, 33இல் ஒன்று. 2-1 என்று வெற்றி. தடை முடிந்த அமித் ரோஹிதாஸ் அன்று முகக்கவசத்தோடு மறுபடியும் பின்கோட்டுக்கு வந்துவிட்டார்.