மழை இல்லாத நாள்

தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா கேட்டதைத்தான் என் கவிதை ஒன்றின் கடைசி வரியாக வைத்தேன். படித்தவர்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் உறுத்துகிறது.

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மழைக்கணக்கு என் பொறுப்பு. காலை 8.30-க்கு மழைமானித் தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி, கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் நடுவில் சற்றே குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடிதான் கணக்கு. கவிதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை ஏது? 2.5 மில்லிமீட்டர் தேறாவிட்டால் வானிலைத் துறைக்கு அது மழைநாளே இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. என் பதிவேட்டில் இருப்பதெல்லாம் சில்லறை.

அன்றைக்கு முழுக்க மேகம் தரையிலேயே கிடந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கடியில் ஓயாத சொட்டு. மழைமானி வெட்டவெளியில் இருக்கிறது. அதில் பொட்டுத் தண்ணி இல்லை. மறுநாள் கொழுந்து எடை போடும் இடத்தில் அந்த அக்கா கேட்டார்:

"நேத்து மழை எவ்வளவு சார்?"

"ஒண்ணும் இல்லக்கா. சைபர்."

"அப்ப நாங்க நனைஞ்சது?"

எனக்குப் புல்லரித்தது. எந்த மானிக்கும் சிக்காத மழையைப் பற்றியல்லவா பேசுகிறார்!

ஈரக் கொழுந்து என்றால் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள். முந்தின நாளும் கழித்திருந்தார்கள். புத்தகத்தில் மழை இல்லையென்றால் என் மூட்டையில் ஏது தண்ணி என்றுதான் கேட்டாரோ? இது உறைக்கும்போது கவிதை அச்சாகியிருந்தது.

எடை போடும் தம்பியிடம் பேசிப் பார்த்தேன். "இலையில ஈரம் கண்ணுக்குத் தெரியுதுண்ணே. மழைய எழுதறது உங்க வேலை, கழிக்கறது என் வேலை" என்றான். மானியில் இல்லாததை நானும் எழுத முடியாதுதான். குறிப்புக் கட்டம் காலியாகக் கிடந்ததே, 'நாள் முழுக்க மேகமூட்டம், இலை ஈரம்' என்று எழுதியிருக்கலாமே என்றால், அது கழிவுக்குத்தான் சாட்சியாகியிருக்கும்.

வெறும் கிலோக் கணக்குதான் கேட்டார் என்று முடிவுகட்டவும் மனசு வரவில்லை. கொழுந்து பறிக்கிறவருக்கு வியப்பு வராதா என்ன? கேட்கும்போது லேசாகச் சிரித்தமாதிரிகூட இருந்தது. திரும்பப் போய் விசாரிக்கலாம். விசாரித்தால் மரியாதைக்கு எனக்குப் பிடித்த பதிலையே சொல்லிவிடுவார்.

இப்போது தொகுப்புக்காகக் கவிதைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துவிடக் கை வரவில்லை. எடைக் கழிவைப் பற்றி ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன், கவிதை படுத்துவிட்டது.