நிஸ்வாவில் நாலாவது கோப்பை

ஓமனில் உள்ள நிஸ்வா நகரில் வெள்ளிக்கிழமை காலை ஆட்டுச் சந்தை. விற்பவர்கள் ஆடுகளைக் கயிற்றில் பிடித்து வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். வாங்குபவர்கள் கைகாட்டி நிறுத்தி, பல்லைப் பார்த்து விலை பேசுகிறார்கள். முகத்திரை அணிந்த பெதூயின் (பாலைவன நாடோடி இனத்துப்) பெண்களும் அதே மும்முரத்தில் இருந்தார்கள். எனக்குக் கேமராவை எடுக்கக் கை துடித்தது. ஆனால் பெண்களைப் படமெடுக்கவே கூடாது என்று ஓட்டுநர் முன்பே சொல்லியிருந்தார். ஆண்களிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதிய ஜும்ஆ தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஓட்டுநர் தன் வீட்டுக்கு அழைத்தார். வாசலில் செருப்பைக் கழற்றினோம். என் மனைவியைப் பெண்கள் இருந்த பக்கம் கூட்டிப் போனார்கள். நான் விருந்தாளிகள் உட்காரும் அறையான மஜ்லிஸில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். உள்ளங்கால் எதிரே இருப்பவருக்குத் தெரியும்படி நீட்டக்கூடாது.

முதலில் பேரீச்சம்பழம், அப்புறம் கஹ்வா. அவருடைய தம்பி, பள்ளிக்கூடப் பையன், இடது கையில் தல்லா என்கிற காப்பிக் கூஜாவும் வலது கையில் பிடியில்லாத குட்டிக் கோப்பையுமாக வந்தான். ஏலக்காய் மணக்கிற, சர்க்கரை போடாத காப்பி. கோப்பையின் அடியில் இரண்டு மடக்குதான் ஊற்றுகிறார்கள். பழத்தின் தித்திப்பு நாக்கில் இருக்கும்போதே குடித்தால் அந்தக் கசப்பு அவ்வளவு இதம். வாங்குவதும் கொடுப்பதும் வலது கையால். வெறும் கோப்பையை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதுமென்றால் லேசாக இரண்டு தரம் ஆட்டிக் கொடுக்கவேண்டும். எனக்கு இது நாலாவது கோப்பையில்தான் பிடிபட்டது. அதுவரை அந்தப் பையன் உட்காரவே இல்லை. விருந்தாளி போதும் என்னும்வரை ஊற்றுகிறவன் நிற்கவேண்டும். ஓமன் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் கோப்பையை ஆட்டிக் கொடுக்க மறக்காதீர்கள்.

பேச்சு சாவகாசமாகத்தான் தொடங்கும். உடம்பு எப்படி, அப்பா அம்மா எப்படி, பயணம் எப்படி என்று ஒரு சுற்று. நாமும் கேட்கலாம். ஆனால் அவர்கள் மனைவியைப் பற்றித் தனியாக விசாரிக்காமல், 'குடும்பம் நலமா' என்பதோடு நிறுத்துவது நல்லது.

மஸ்கட்டில் 2001இல் திறந்த சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலை மறுநாள் பார்த்தோம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரை அனுமதி. பெண்கள் தலைமுடியை மூடி, மணிக்கட்டும் கணுக்காலும் மறையும்படி உடுத்திப் போகவேண்டும்.

நிஸ்வாவில் அந்த ஓட்டுநர் வீட்டில் கடைசியாக வந்தது புகை. லுபான், நம் ஊரில் குந்திரிக்கம். அதே பையன் தூபக்காலை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்தான். அவர்கள் செய்ததைப் பார்த்து நானும் புகையைச் சட்டைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டேன். தூபம் வந்துவிட்டால் விருந்தாளி கிளம்பலாம். எழுந்தோம்.