பி.எட். இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் உள்ள வகுப்பு

வேலூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்டர்ன்ஷிப் போகப்போகும் பி.எட். மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளடக்கிய பள்ளி, அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் பள்ளி பற்றிய தாளைக் கடைசி வாரத்தில் கைடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். வகுப்பில் போய் நின்றதும் முதலில் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 ஆயின. பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள், சரி. ஆனால் 2016 சட்டத்தின் 16, 17 ஆகிய பிரிவுகளை நிதானமாகப் படியுங்கள். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தர வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கான 30 கேள்விகளுக்கும் இந்தப் படிப்பு உதவும்.

அடுத்தது வாசிப்பு. புத்தகங்களில் டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாட்டுக்கு ஆங்கில எழுத்து b, d மாறுவதைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள், நம் வகுப்பில் பார்க்க வேண்டியது வேறு. கெ, கே, கை என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் வந்து நிற்கிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் நிற்கிறது. கொடியைக் 'கெடி' என்று படிக்கிற பிள்ளை துணைக்காலை விட்டுவிட்டதா, இல்லை ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி தடுமாறுகிறதா என்று குறித்துவையுங்கள். ன, ண குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்தக் கைடும் சொல்லவில்லை. பேர்ணாம்பட்டு, வேலூர் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய, காட்பாடி, குடியாத்தம் பக்கம் தெலுங்கு. பள்ளியில் தமிழ் திக்குகிறது என்பதற்காக அந்தப் பிள்ளையை 'ஸ்லோ லேர்னர்' என்று ரெக்கார்டில் எழுதிவிடுவது பெரிய அநியாயம். அம்மாவிடம் கேளுங்கள்: "வீட்டுல கதை, சண்டை எல்லாம் சரளமா சொல்வானாம்மா?" வீட்டு மொழியில் கடகடவென்று பேசுகிற பிள்ளைக்குத் தேவை தமிழோடு இன்னும் கொஞ்சம் பழக்கம். வீட்டு மொழியிலும் சொல் வரவில்லை, சொன்னது புரியவில்லை என்றால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

அந்த அடுத்த கட்டம் உங்கள் தீர்ப்பு அல்ல, வட்டார வள மையத்தின் (அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் அரசு மையம்) சிறப்பாசிரியர். அவர் எந்த நாளில் பள்ளிக்கு வருவார் என்று ஹெச்.எம்.மிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவையுங்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறார், வந்த அன்று பிடித்தால்தான் உண்டு. மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, ஆனால் பாகாயம் என்றாலே சில பெற்றோர் மிரண்டுபோவார்கள். அதனால் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காமல் சிறப்பாசிரியரை வைத்துக்கொண்டு பேசுங்கள். கூலி வேலைக்குப் போகிற அம்மாவைக் காலை பத்து மணிக்கு வரச்சொன்னால் அன்றைய சம்பளம் போச்சு, சாயங்காலம் பேசுங்கள்.

வகுப்புக்குள் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்தான். காது சரியாகக் கேட்காத பிள்ளை இருந்தால் போர்டைப் பார்த்தபடி பேசாதீர்கள், உங்கள் உதடு அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பார்வை குறைவென்றால் எழுதுவதை எல்லாம் வாய்விட்டும் சொல்லுங்கள்.

லெசன் பிளானில் 'சிறப்புக் கவனம் அளிக்கப்படும்' என்று பொதுவாக எழுதுவது வீண். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கணக்கை எப்படி மாற்றிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள், பிள்ளையின் பெயர் மட்டும் வேண்டாம். உங்கள் பி.எட். தேர்வின் பத்து மதிப்பெண் கேள்விக்கும் இதே மாதிரி ஓர் உதாரணத்தோடு எழுதினால் விடை தனியாகத் தெரியும்.

அப்புறம், பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வகுப்பில் தகுதியுள்ள பிள்ளை இருந்தால் விண்ணப்பம் போயிற்றா என்று காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.