பேஸ் வாசிப்பவரின் இடது கை

கோலாலம்பூரில் கல்யாண டின்னர்களுக்கும் கோயில் கலை நிகழ்ச்சிகளுக்கும் சவுண்ட் பார்ப்பது என் வேலை. மேடையில் பேண்ட் ஏறியதும் எல்லோரும் பாடகரைப் பார்ப்பார்கள், என் கண் போவது பேஸ் கிட்டார் வாசிப்பவரின் இடது கைக்கு.

காரணம் மண்டபம்தான். செந்தூலிலும் கிள்ளானிலும் நாங்கள் போகிற டேவான்கள் பலவற்றில் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, உயரமான கூரை. பேஸின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ், அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். நாலு சுவருக்குள் அது லேசில் அடங்காது, கை எடுத்த பிறகும் மண்டபம் முனகிக்கொண்டே இருக்கும். மிக்சரில் நான் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். சுரத்தை எங்கே நிறுத்துவது என்பது வாசிப்பவரின் கையில் இருக்கிறது.

ஜேம்ஸ் ஜேமர்சன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்தது இதனால்தான். டெட்ராய்டில் மோடவுன் என்ற இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்தவர், மீட்டுவது வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். அவருடைய 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஃபோம் வேறு. இரண்டும் சேர்ந்து ஒலியைச் சீக்கிரம் அமுக்கிவிடும், அதனால்தான் அத்தனை சுரங்களை ஓடவிட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல் கே விரலுக்குப் பதில் பிக் என்கிற சின்னத் தகட்டால் வாசித்தவர், அவரும் கம்பிமேல் ஃபெல்ட் வைத்து அமுக்கினார்.

பாப் மார்லிக்கு வாசித்த ஆஸ்டன் பாரெட் வேறு ரகம். ஒலி தடிமனாக இருக்கும், ஆனால் நடுவில் இடம் விட்டுவிட்டுப் போவார், அந்த இடத்தில் தம்பி கார்ல்டனின் டிரம்ஸ் வந்து உட்காரும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லாத பேஸில் நீட்டி இழுத்தாலும் மங்காது, பிரிட்ஜ் பக்கமாக மீட்டுவதால் வருகிற தெளிவு அது.

சரி, நம் பக்கம் வருவோம். இளையராஜா பேஸ் வரிகளைத் தானே எழுதிக் கொடுப்பவர், அவற்றை வாசித்த சசிதரனைக் கேட்டால் பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும். இங்கே டின்னர்களில் அந்தப் பாடல்களைக் கேட்காத மேசையே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் ஒருவர் அவற்றை அருமையாக வாசிப்பார். ஒருநாள் எதிரொலி அதிகமான மண்டபத்தில், "அண்ணே, பேஸ் கூட்டட்டுமா?" என்றேன். "வேணாம் தம்பி, ஹால் தாங்காது, ஓபன் ஸ்ட்ரிங்கையே தொடாம வாசிக்கிறேன்" என்றார். அடுத்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருகிற அதே சுரத்தைத் தடித்த கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தார், அப்படிப் பிடித்தால் விரலை லேசாகத் தளர்த்தினாலே ஒலி நின்றுவிடும். அன்று சரணம் முழுக்க பாடகரின் ஒவ்வொரு சொல்லும் பின்வரிசை வரை கேட்டது.

இப்போதெல்லாம் ஐந்து கம்பி பேஸோடு தம்பிகள் வருகிறார்கள், 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. சவுண்ட் செக்கில் வால்யூம் பார்ப்பதற்கு முன்னால், அடிக்கம்பியில் ஒரு சுரத்தை அடித்துச் சட்டென்று நிறுத்திக் காட்டச் சொல்கிறேன்.